பல்தேர்வு

“இன்னும் கொஞ்சம் திறவுங்கோ.”

“ஆ...”

“நாக்கைக் கீழ வையுங்கோ எண்டெல்லோ சொன்னனான்.”

“ஆஅ...”

ஓலைத்தொடுவாய் என்ற தீவுக் கரையூரில் மாமி வீட்டு முற்றம். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. நீலப் பிளாஸ்ரிக் கதிரையில் தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலப் பிளந்தபடி என் கணவர் அமலதாஸ் இருந்தார். நான் தலைமாட்டில் நின்று, சுடுதண்ணீரில் போட்டெடுத்த தேக்கரண்டியின் காம்பால் அவருடைய கன்னத்தை உள்ளிருந்து ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெட்டும்பல், வேட்டைப்பல், முன்கடைவாய்ப்பல், கடைவாய்ப்பல். புத்தகத்தில் இவையெல்லாம் படை வரிசை மாதிரி நேராக நின்றன. அவருடைய வாயில் அப்படி இல்லை. மேலே இடப்பக்கத்து வேட்டைப்பல், இடம் கிடைக்காமல் மற்றதன் தோளில் ஏறி நின்றது. கீழே கடைசிப் பல் ஒரு பக்கம் இருந்தது, மறுபக்கம் இல்லை. எனக்குப் பெரிய சந்தோசம். புத்தகத்தில் இல்லாத ஒன்றை நானாகக் கண்டுபிடித்துவிட்டேன்.

“உங்களுக்கு முப்பத்தொரு பல்லுத்தான்!” என்று கத்தினேன்.

அவர் கண்ணாலே ஏதோ கேட்டார். கரண்டிக் காம்பு வாய்க்குள் இருந்ததால் பேச முடியவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். என் இடது கை அவருடைய தாடையின் கீழே இருந்தது. இரண்டு நாள் தாடி உள்ளங்கையில் குத்தியது. எங்களுக்குக் கலியாணமாகி மூன்று வருசமாகப் போகிறது. அவருடைய முகத்தில் நான் கை வைத்தது அன்றுதான் முதல் தடவை.

படலை திறந்த சத்தம் கேட்டது. பூசைக்குப் போயிருந்த மாமி கையில் பையோடு நின்றார். எங்கள் இரண்டு பேரின் முகங்களும் எவ்வளவு கிட்டக் கிட்ட இருந்தன என்பது மாமியின் கண்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. வந்த வேகத்திலேயே மாமி திரும்பினார். படலையை மெதுவாகச் சாத்திவிட்டு, வெளியே நின்று ஒருமுறை இருமினார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் நண்டுக்கறி. பெரிய கால்கள் இரண்டும் என் சோற்றுக் கோப்பையில் விழுந்தன.

“அம்மா பிழையா விளங்கிப்போட்டா,” என்றார் அமலதாஸ், சோற்றைப் பார்த்துக்கொண்டு.

“அப்ப சொல்லுங்கோவன்.”

“நீர் சொல்லும்.”

ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த நாளும் நண்டு வந்தது.

கையெழுத்து

மாமி ஏன் அவ்வளவு சந்தோசப்பட்டார் என்று விளங்க வேண்டுமென்றால் எங்கள் கலியாணக் கதையைச் சொல்ல வேண்டும். சின்னக் கதைதான்.

எங்கள் ஊர் பெருநிலப்பக்கம், உயிலங்குளத்துக்குக் கிட்ட. வயல் செய்கிற குடும்பம். கதிர் முற்றியிருந்த நேரத்தில் சண்டை கிட்ட வர, வயலை அப்படியே விட்டுவிட்டு வெளிக்கிட்டவர்கள், கூடாரம் போடுகிற தறப்பாளைத் தோளில் சுமந்துகொண்டு இடம் இடமாகப் போனோம். நான் அப்போது ஏ எல் என்கிற உயர்தர வகுப்பு. மரத்தடியில் பள்ளிக்கூடம் நடக்கும், பிறகு நடக்காது, பிறகு வேறொரு மரத்தடியில் நடக்கும்.

அந்த நாட்களில் கலியாணமாகாத பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிற எல்லாத் தாய் தகப்பனுக்கும் ஒரே பயம்தான், சண்டைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் கொண்டுபோய்விடுவார்கள் என்று. கலியாணம் முடித்தவர்களை விட்டுவிடுவார்கள். எனக்குப் பதினெட்டு முடிந்ததும் அப்பா மாப்பிள்ளை தேடத் தொடங்கினார். வெகுதூரம் போகவில்லை. அடுத்த தறப்பாளில் ஒரு மீன்பிடிக் குடும்பம் இருந்தது. அவர்களோடு, தீவிலிருந்து மாமாவுக்கு உதவி செய்ய வந்து, பாதை பூட்டுப்பட்டதால் திரும்பிப் போக முடியாமல் அகப்பட்டுக்கொண்ட சகோதரி மகன் ஒருவர் இருந்தார். அவர் வேதக்காரர், நாங்கள் சைவம். வேறு நேரமென்றால் அப்பா அந்தப் பக்கம் திரும்பியும் பார்த்திருக்கமாட்டார்.

கிணற்றடியில் அமலதாஸ் என்னோடு முதல்முதலாகப் பேசினார்.

“உம்மட அப்பா வந்து அழுகிறார். என்ன செய்வம்?”

“எனக்குத் தெரியாது.”

“எனக்கும் தெரியாது. கையெழுத்தைப் போடுவம். மிச்சத்தைப் பிறகு பாப்பம்.”

பதிவுக்காரர் வந்தார், கையெழுத்துப் போட்டோம். தாலியில்லை, கோயிலில்லை, சேர்ச்சுமில்லை. அம்மா சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். அந்தச் சீனி எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அவர் எங்கள் தறப்பாளின் வாசலில் காலை வெளியே நீட்டிக்கொண்டு படுத்தார். மழை வந்தால் காலை மடித்துக்கொள்வார். அவ்வளவுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை.

ஏன் பல்லு?

அதற்குப் பிறகு நடந்தவற்றையும், சண்டை முடிந்ததும் எங்களை வைத்திருந்த முகாமையும் பற்றி இந்தப் பத்தியில் சென்ற வாரம் எழுதிவிட்டேன். திரும்பவும் அங்கே போய் நிற்கப்போவதில்லை. ஒன்றை மட்டும் அன்றைக்கு விட்டுவிட்டேன்.

முகாமுக்கு ஒருநாள் பல் வைத்தியர் ஒருவர் வந்தார். சிங்களப் பெண், என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். ஒரு கூடாரம், ஒரு கதிரை, ஒரு வாளி. அவருக்குத் தமிழ் தெரியாது. வரிசையில் நின்றவர்களுக்குச் சிங்களம் தெரியாது. எனக்குப் பள்ளிக்கூட இங்கிலீசு கொஞ்சம் தெரியும் என்பதால் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார். எந்தப் பல், எத்தனை நாளாக, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுதா. இதையே காலையிலிருந்து பின்னேரம் வரை திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வரிசையில் ஒரு அம்மா நின்றார். அவர் யார் யாரை இழந்தவர் என்று முகாமில் எல்லோருக்கும் தெரியும். மாதக்கணக்காக ஒருவரோடும் பேசாதவர். பல்லைப் பிடுங்கியதும் பஞ்சைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு கன்னத்தைத் தடவிப் பார்த்தார். “நோ போட்டுது பிள்ளை,” என்றார் என்னிடம். ஆச்சரியப்பட்ட மாதிரிச் சொன்னார். ஒரு நோ போகவும் கூடும் என்பதை மறந்துவிட்டவர் மாதிரி.

அந்தக் கூடாரத்தை விட்டு நான் வெளியே வந்தபோது எனக்கு என்ன படிக்க வேண்டுமென்பது முடிவாகியிருந்தது.

“பல்லுப் பிடுங்கிறதுக்கு அஞ்சு வருசப் படிப்போ?” என்று அப்பா கேட்டார். “படிக்கிறதெண்டால் முழு டொக்டராப் படிக்கலாமே?”

“எனக்கு வாய் மட்டும் போதும் அப்பா,” என்றேன்.

படிக்கப் போன மருமகள்

முகாமை விட்டு வெளியே வந்ததும் அப்பாவும் அம்மாவும் ஊருக்குப் போனார்கள். வீடிருந்த இடத்தில் அத்திவாரமும் ஒரு முருங்கை மரமும் நின்றன. கொடுத்த தகரங்களை வைத்து ஒரு கொட்டில் போட்டார்கள். அமலதாஸ் தீவுக்குத் தன் தாயிடம் போனார். நான் அம்மாவோடு நின்றுகொண்டேன். யார் எங்கே போவதென்று ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து அவர் வருவார். பாலம் தாண்டி பஸ்சில் வந்து, பிறகு நடந்து, கையில் மீன் பையோடு வேலிக்கருகில் நிற்பார். எங்களுக்கு என்ன பேசுவதென்று தெரியாது. மீனைப் பற்றிப் பேசுவோம்.

ஒரு ஞாயிறு அவர் கேட்டார்: “இனி என்ன செய்யப்போறீர்?”

செய்யப்போகிறோம் என்று கேட்கவில்லை. செய்யப்போறீர் என்றார். அந்த மரியாதை எனக்குப் பிடித்தது.

“ஏ எல் சோதனை எடுக்கப்போறன். பயோ. பல்லு டொக்டருக்கு.”

மீன் பையை வேலியில் கொழுவினார். “இஞ்சயிருந்து எடுக்கேலாது. கரண்ட் இல்லை, பின்னேரத்தில பஸ்சும் இல்லை. ரவுனில ரியூசனுக்குப் போகவேணும். எங்கட வீட்ட வந்து நில்லும். அறை ஒண்டு சும்மா கிடக்குது.”

“நீங்கள்?”

“நான் வாடியில படுப்பன்.”

வாடி என்பது கடற்கரையில் வலைகளும் சாமான்களும் வைக்கிற ஓலைக் கொட்டில். அவர் சொன்னபடியே செய்தார். நான் ஒரு பெட்டி புத்தகத்தோடு மாமியார் வீட்டில் போய் இறங்கினேன், கட்டினவர் பாயைச் சுருட்டிக்கொண்டு வாடிக்குப் போனார்.

மாமிக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. வருசக்கணக்காகக் காணாத மகன் உயிரோடு வந்து சேர்ந்தான். வந்தவன் கலியாணம் முடித்துவிட்டேன் என்றான். சைவப் பெண் என்றான். சேர்ச்சில் எழுதவில்லை என்றான். அதையெல்லாம் மாமி பொறுத்துக்கொண்டார். வாடியை மட்டும் பொறுக்க முடியவில்லை.

“கட்டினவன் வாடியில, கட்டினவள் அறைக்குள்ள புத்தகத்தோட. என்ர மாதாவே, இது என்ன கலியாணம்!” குசினிக்குள் நின்று சட்டிக்குச் சொல்வார். எனக்குக் கேட்க வேண்டுமென்பதற்காகத்தான் சொல்வார்.

இப்போது விளங்குகிறதா, அந்த நண்டுக்கறி?

கலத்துக்குள் வலை

பள்ளிக்கூடத்தில் சேர எனக்கு வயது கடந்துவிட்டது. தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத்தான் எழுத வேண்டும். ரவுனின் உப்புக்குளப் பகுதியில் ஒரு தகரக் கொட்டிலில் ரியூசன் நடந்தது. என்னைவிட மூன்று வயது குறைந்த பெண்கள் முன் வாங்குகளில் இருந்தார்கள். முதல் நாள் நான் உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து நின்று, “குட் மோர்னிங் ரீச்சர்,” என்றார்கள். நான் போய்ப் பின் வாங்கில் இருந்ததும் கொட்டில் முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து நான் எல்லோருக்கும் அக்கா.

நான் படித்ததெல்லாம் மரத்தடிகளில் துண்டு துண்டாகப் படித்தது. பௌதிகவியலில் பாதி எனக்குத் தெரியாது. இரசாயனம் படிப்பித்த சேர் என் முதல் தாளைத் திருத்திவிட்டு என்னைப் பாவம் பார்த்த மாதிரிப் பார்த்தார். உயிரியல் மட்டும் வந்தது. அதுவும் வாய்விட்டு யாராவது கேள்வி கேட்டால்தான் மனதில் நிற்கும்.

கேள்வி கேட்க அமலதாஸ் வந்தார். கடலால் வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு, வலையைப் பிரித்துப் போட்டு மீன் கிழித்த இடங்களைக் கட்டிக்கொண்டே, மடியில் என் புத்தகத்தை வைத்துக் கேட்பார். அவர் ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். சொற்களை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்.

“அக... முதலு... ருச்... சிறுவலை.” நிறுத்தினார். “சிறுவலையோ?”

“ஓம். அகமுதலுருச் சிறுவலை. கலத்துக்குள்ள இருக்கும்.”

“கலத்துக்குள்ள வலையோ?” கையிலிருந்த வலையைக் கீழே போட்டார். “ஆர் போட்டது?”

உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கலங்களால் ஆனது, ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஒரு வலை கிடக்கிறது என்று விளங்கப்படுத்தினேன். கேட்டுக்கொண்டிருந்தவர் எழும்பிப் போய்ப் பக்கத்து வாடிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நாலு பேர் மணலில் குந்தியிருந்து கேட்டார்கள். வலையின் கண் எவ்வளவு அகலம் என்று ஒருவர் கேட்டார். அன்று நான் அவர்களுக்குப் படிப்பித்த பாடத்தைத்தான் வாழ்க்கையில் மிகத் தெளிவாகப் படித்தேன் என்று நினைக்கிறேன்.

இன்னொரு நாள் வினாத்தாள் தலைப்பைப் பார்த்துவிட்டு அவருக்கு முகம் மலர்ந்தது.

“இஞ்ச பாரும், உமக்கெண்டே ஒரு சோதனை வைச்சிருக்கிறாங்கள். பல்தேர்வு வினாக்கள்!”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஐந்து விடை தந்து சரியானதைத் தெரிவு செய்யச் சொல்வதற்குத்தான் பல்தேர்வு என்று பெயர், பலவற்றில் ஒன்றைத் தேர்வதால் அப்படி என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. “அப்ப பல்லைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லையோ?” என்று தாளைப் புரட்டிப் புரட்டித் தேடினார். அந்த ஏமாற்றத்தைப் பார்த்துத்தான், சரி, உங்களுடைய பல்லையே பார்ப்போம் என்று கதிரையை முற்றத்தில் போட்டேன்.

ஆட்டின் தாடை

பல்லைப் பற்றிய செய்தி என் ஊருக்கும் போய்விட்டது. அடுத்த முறை நான் போனபோது அப்பா ஒரு சொப்பிங் பையை நீட்டினார். உள்ளே ஒரு ஆட்டின் கீழ்த்தாடை, பற்களோடு. ஆடு அடித்த வீட்டில் கேட்டு வாங்கி, அவித்து, மணலால் தேய்த்து, தகரத்தின் மேல் காயவைத்து, பால் மாதிரி வெள்ளையாக்கி வைத்திருந்தார்.

“முழு டொக்டராப் படிக்கச் சொன்னீங்கள்?” என்றேன்.

“சொன்னனான்தான். உதைக் கொண்டு போ,” என்றார் அப்பா.

திரும்பி வரும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்சை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். இளம் ஆமிக்காரர் ஒருவர் என் பைக்குள் கையை விட்டார். விட்ட கையை உடனே எடுத்துவிட்டார். இதென்ன என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் வராது. பயத்தில் என் பல்லை ஈ என்று காட்டி, விரலால் தொட்டு, படிக்கிற மாதிரிக் கையை விரித்துக் காட்டினேன். “டொக்டர்,” என்றேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு துவக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு குனிந்து, என் முன்னால் வாயைத் திறந்து, கடைசிக் கடைவாய்ப்பல்லைக் காட்டினார். கறுப்பாக ஓட்டை விழுந்திருந்தது. பஸ்சின் சனமெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரிப் பக்கம் கையைக் காட்டி, போகும்படி சைகை செய்தேன். பணிவாகத் தலையாட்டினார். ஆட்டின் தாடையை இரண்டு கையாலும் எடுத்து என் பைக்குள் வைத்தார்.

அதை என் மேசையில் பார்த்த மாமி சிலுவை போட்டுக்கொண்டார். ஆனால் அன்றுதான் நண்டுக்கறியின் உண்மையும் வெளிவந்தது. “அப்ப அண்டைக்கும் பல்லோ பாத்தனீங்கள்?” என்று கேட்டார். ஓம் என்றோம். மாமி குசினிக்குள் போனார். கொஞ்ச நேரத்தால் உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அடக்க அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. அதற்குப் பிறகு மாமி சட்டியோடு கதைப்பதை விட்டுவிட்டு நேரே என்னோடு கதைக்கத் தொடங்கினார்.

முந்தானைக்குள்

சோதனை தொடங்கியது. உயிரியல் தாள் நன்றாகப் போனது. பௌதிகவியல் எப்படியோ கரை சேர்ந்தது. இரசாயனத்துக்கு இடையில் சில நாட்கள் இருந்தன. அந்தப் பாடத்துக்குத்தான் எனக்குப் பயம் அதிகம். அந்த நாட்களை நம்பித்தான் இருந்தேன்.

மாமி அந்த வாரம் முழுவதும் முந்தானையால் முகத்தைச் சுற்றிக்கொண்டு திரிந்தார். காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார். எனக்குச் சாப்பாட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு உடனே திரும்பிவிடுவார். நானும் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

இரசாயனத்துக்கு முதல் நாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கும்போது மாமியின் கை என் கையில் பட்டது. நெருப்பாகக் கொதித்தது.

“மாமி, முந்தானையை எடுங்கோ.”

“ஒண்டுமில்லைப் பிள்ளை. நீ படி.”

“எடுங்கோ எண்டுறன்!”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மாமி எடுத்தார். ஒரு பக்கக் கன்னம் கண் வரைக்கும் வீங்கி, தோல் மினுமினுத்தது. வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை.

“எத்தினை நாளா?”

“உன்ர சோதனை முடியட்டும் எண்டு இருந்தனான்,” என்றார் மாமி, குழந்தை மாதிரி. “பல்லுக்குக் கராம்பு வைச்சனான், நோ கேக்கேல்லை.”

அமலதாஸ் கடலில் இருந்தார். இரசாயனப் புத்தகத்தை மூடிவிட்டு, மாமியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ரவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழி முழுக்க மாமி பொருமிக்கொண்டே வந்தார். வலிக்காக இல்லை, நான் படிப்பை விட்டுவிட்டு வந்ததற்காக.

பல் வைத்தியர் பார்த்துவிட்டு, நல்ல நேரத்தில் கொண்டு வந்தீர்கள், இன்னும் வைத்திருந்தால் சீழ் கழுத்துக்கு இறங்கியிருக்கும் என்றார். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வைத்தியரும் என்னை வெளியே அனுப்பவில்லை. சீழை எடுத்தார், பல்லை எடுத்தார். நான் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். ஊசி எங்கே போடுகிறார், கையை எப்படித் தாங்குகிறார், மாமி பயந்து விறைக்கும்போது எவ்வளவு மெதுவாகப் பேசுகிறார். இடையில் ஒருதரம், இதைத்தான் நான் செய்யப்போகிறேன் என்று நினைத்தேன். இரசாயனப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த மாமியின் வாயில் பஞ்சு. பேசக்கூடாது. ஊரில் யாரோடு வேண்டுமென்றாலும் மணிக்கணக்கில் கதைக்கிற மாமிக்கு அது பெரிய தண்டனை. என் அறை வாசலில் ஒரு வாங்கைப் போட்டுக் காவலுக்கு இருந்தார். நான் தலையை நிமிர்த்தினால் படி, படி என்று கையால் சைகை செய்வார். மத்தியானம் கரையேறி வந்த மகன், என்ன நடந்தது என்று கேட்டபோது, மாமி முதலில் தன் கன்னத்தைக் காட்டினார், பிறகு என்னைக் காட்டினார், பிறகு இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினார். அதற்கு அமலதாசுக்கு என்ன விளங்கியதோ, என் வாசலில் வந்து நின்று என்னையே பார்த்தார். பார்த்துவிட்டுப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். அவர் போட்ட முதல் தேத்தண்ணி அது. வாயில் வைக்க முடியவில்லை. முழுவதையும் குடித்தேன்.

அடுத்த நாள் போய் எழுதினேன். இரசாயனம் இரசாயனமாகவே இருந்தது. தெரிந்ததை எழுதினேன், தெரியாததை நிதானமாக விட்டேன்.

கரை

பெறுபேறு வந்தது, பரவாயில்லை. ஆனால் நாட்டில் பல் வைத்தியம் படிக்க ஒரேயொரு பீடம், அதுவும் கண்டிப் பக்கம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்கள். இடம் கிடைப்பதைத் தீர்மானிக்கும் வெட்டுப்புள்ளி வரும்வரை மாதக்கணக்காகக் காத்திருந்தோம்.

அது வந்த நாள், ரவுனில் கொம்யூனிகேசன் கடைக்காரர் கம்பியூட்டரில் பார்த்துச் சொன்னபோது, நான் நன்றி சொல்லவும் மறந்து பஸ்சுக்கு ஓடினேன். அப்பாவுக்குப் போன் எடுத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து, “இஞ்ச வா, இஞ்ச வா,” என்று அப்பா அம்மாவைக் கூப்பிடுகிற சத்தமும் அழுகையும் கேட்டன. போன் கட்டாகிவிட்டது.

ஓலைத்தொடுவாயில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே கடற்கரைக்குப் போனேன். அவருடைய படகு வந்துகொண்டிருந்தது. செருப்போடு தண்ணீருக்குள் இறங்கி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். எஞ்சின் சத்தத்தில் நான் சொன்னது கேட்கவில்லை.

“என்ன? என்ன?” என்று அங்கிருந்து கத்தினார்.

“கிடைச்சிட்டுது!”

“உனக்கோ? உனக்குக் கிடைச்சதோ?”

எப்போதும் நீர், உமக்கு என்றே பேசுகிறவர். ஆட்களுக்கு முன்னால், கடலில் நின்று, உனக்கு என்று கத்தினார். எனக்கு அது பெறுபேற்றைவிட இனித்தது. படகு கரை தட்டுமுன் குதித்தவர் இடுப்பளவு தண்ணீரில் விழுந்து எழும்பினார். பக்கத்து வாடிக்காரர்கள், அந்த வலைப் பாடம் கேட்டவர்கள், எங்களைச் சுற்றி நின்று கைதட்டினார்கள்.

அன்று பின்னேரம் வீடு முழுக்க ஆட்கள். மாமி எல்லோருக்கும் தன் பல் போன கதையைச் சொன்னார். பொழுது படும் நேரத்துக்கு எல்லோரும் போய், முற்றத்தில் நாங்கள் இரண்டு பேரும் மிஞ்சினோம். அவர் தொண்டையைச் செருமினார்.

“அந்தக் கலியாணம் பயத்தில கட்டினது,” என்றார். “உம்மட அப்பாவுக்கும் பயம், எங்களுக்கும் பயம். இப்ப ஒருத்தருக்கும் பயமில்லை. நீர் போய்ப் படியும். அங்க நிறையப் படிச்ச ஆக்கள் இருப்பினம். நீர் திரும்பி வராட்டிலும் நான் ஒண்டும் நினைக்கமாட்டன். அந்தக் கையெழுத்தையும் இல்லாமல் செய்யலாமாம். பதிவுக் கந்தோரில விசாரிச்சனான்.”

திரும்பவும் நீர். எனக்கு வந்த கோபத்தில் கண் கலங்கியது.

“விசாரிச்சனீங்களோ? அவ்வளவு அவசரமோ?”

“அவசரமெண்டில்லை...”

“உங்களுக்கு என்னில விருப்பமில்லையோ?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லையே!”

“அப்ப என்னதான் சொல்லுறியள்?”

அவர் மணலைக் கிளறினார். வார்த்தையைத் தேடித் தேடி எடுத்தார்.

“நீர் கேள்விக்கு மறுமொழி சொல்லுறதை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு இருப்பன். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அண்டைக்கு நான் உம்மட வாசலில நிண்டு சொல்ல நினைச்சனான். சோதனை எண்டு சொல்லாமல் விட்டனான்.” கொஞ்சம் நிறுத்தி, “வாடியில நுளம்புக்கடியும் கூடிப்போச்சு,” என்றார்.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்:

“பயமில்லாமல் ஒருக்காக் கேளுங்கோ, பாப்பம்.”

“என்னத்தை?”

“கலியாணம் கட்டுவியோ எண்டு.”

அவர் வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். நிமிர்ந்து இருந்தார். சட்டையை இழுத்துவிட்டார்.

“என்னைக் கட்டுவியோ, சுகந்தி?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் குசினி யன்னலால் மாமியின் குரல் வந்தது.

“ஓமெண்டு சொல்லிப்போட்டு ரெண்டு பேரும் வாங்கோ. சோறு ஆறுது!”

நான் ஓமென்று சொன்னேன். குசினிக்குக் கேட்க வேண்டுமென்று கொஞ்சம் பலமாகவே சொன்னேன்.